அளவு பார்க்கக் கொடுத்த பிரதி

பவளவிழா மலருக்கு அட்டைப்பெட்டி செய்ய வேண்டுமென்று
கழனிவாசல் ரோட்டில் இருக்கும் என் பட்டறைக்கு
ஒரு பிரதியை அனுப்பியிருந்தார்கள்.
நீளம் இருபத்தெட்டு, அகலம் இருபத்திரண்டு,
தடிமன் நாலேகால். எல்லாம் சென்டிமீட்டர்.
அளந்ததும் திருப்பித் தந்துவிடுங்கள் என்று
மில் மேனேஜர் காசிநாதன் இரண்டு தடவை சொன்னார்.
அளக்கப் பத்து நிமிஷம் ஆனது.
பிரதி நாலு மாதமாக என்னிடம்தான் இருக்கிறது.

எனக்கு இது ஒரு வியாதி.
மற்றவர்கள் கொலைக்கதை படிக்கிற மாதிரி
நான் கம்பெனிக் கதை படிக்கிறேன்.
செக்காலையில் பழைய பேப்பர் கடை பீரான்
எனக்கென்று ஒதுக்கி வைப்பார்:
சைக்கிள் செயின் செய்தவர்களின் வெள்ளிவிழா,
ஒரு பிஸ்கட் கம்பெனியின் எழுபத்தைந்து,
மூடிப்போன பாங்க் ஒன்றின் மலர்
(கடைசி அத்தியாயம், 'நூற்றாண்டை நோக்கி').
கிலோ பதினாலு ரூபாய்.

கொலைக்கதையில்
செத்தவர் யாரென்று முதலிலேயே தெரிந்துவிடும்.
இதில் பிழைத்தவர் யாரென்று தெரியும்,
அட்டையில் தங்க எழுத்தில் போட்டிருக்கும்.
எப்படி என்பதுதான் பாக்கி.
அதை எழுத மாட்டார்கள்.

"சில சிரமங்களுக்குப் பிறகு" என்று ஒரு வரி வரும்.
அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருப்பேன்.
எத்தனை சிரமம், யாருக்கு?
சம்பள நாளில் பின்கேட் வழியாகப் போனது யார்?
யார் கழுத்திலிருந்து எது இறங்கி அடகுக்குப் போனது?
நாற்பதாம் பக்கத்து குரூப் போட்டோவில்
நடுநாற்காலியில் இருந்த பங்குதாரர்
நாற்பத்திரண்டில் இல்லை.
நாற்பத்தொன்று முழுக்கப்
புது ஆழ்துளைக் கிணற்றின் கலர் படம்.

நிறுவனர் பதினாலு வயதில் மோல்மீனுக்குப் போயிருக்கிறார்,
பெட்டியடிப் பையனாக.
அடுத்தாளாக ஆவதற்குள் குண்டு விழுந்துவிட்டது.
நடந்தே ஊர் திரும்பினார் என்று ஒன்றரை வரி.
அவர் வாங்கிய முதல் ரிங் பிரேமுக்கு
நாலு பக்கம், வரைபடத்தோடு.
நான் அந்த ஒன்றரை வரியில்தான்
நாலு ராத்திரி நடந்தேன்.
அவர் காலில் என்ன போட்டிருந்தார்?
கூட வந்தவர்களில் எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள்?
ரிங் பிரேமில் நானூறு கதிர். அது மட்டும் துல்லியம்.

பதினேழாம் பக்கத்தில் முதல் வருஷத்துப் பேரேடு,
அழகுக்காகப் போட்ட படம்.
மேலே பிள்ளையார் சுழி, சிவமயம்,
அதன்கீழ் யாரும் படிக்கப்போவதில்லை என்று நம்பி
அச்சிட்ட கையெழுத்து.
பில் சரிபார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வைத்தேன்.
பஞ்சு வகையில், வண்டிக்கூலி வகையில்,
கோயில் மகமை வகையில்,
பிறகு, பக்கத்தின் அடிவிளிம்பில்,
"நூல் பொட்டி செய்த வகையில் சந்தனம் ஆசாரிக்கு
பாக்கி ரூ. 6-4-0."

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.
நன்றியுரையில் நூற்றுப்பன்னிரண்டு பேர்,
அச்சகத்தார், போட்டோ எடுத்தவர், பந்தல்காரர் உட்பட.
பெட்டி செய்தவள் இல்லை. அது கிடக்கட்டும்.
சந்தனம் ஆசாரிக்கு அந்த ஆறேகால் ரூபாய் வந்ததா?
பேரேட்டின் அடுத்த பக்கத்தைப்
படம் எடுத்தவர் திருப்பவே இல்லை.

விழாவுக்கு முந்தின நாள்
லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணி
இரண்டாயிரம் பெட்டியை வேனில் ஏற்றிவிட்டேன்.
பில் எண்பத்தாறாயிரம்.
"இந்த மாசம் கொஞ்சம் டைட்டு, உமையாளக்கா"
என்கிறார் காசிநாதன், போன மாதமும் அதே குரலில்.
எனக்குக் கோபம்கூட வரவில்லை.
நூற்றாண்டு மலரில் இதை எப்படி எழுதுவார்கள் என்று
இப்போதே சொல்லிவிடுவேன்.

"அக்கா, அந்தப் பிரதி?" என்றார் நேற்று.
இன்னும் அளந்து முடியவில்லை என்றேன்.