விலாங்கு யாருக்கு

விர்ட்சுத் துறைக்கும் மூஹுத் தீவுக்கும் நடுவே
பிப்ரவரியில் ஒரு நாள்
கடல் கெட்டித்து எங்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டது.
பனி உடைக்கும் கப்பல் வர
மூன்று மணி நேரமாகும் என்றது ஒலிபெருக்கி.
காப்பி விற்கிற எனக்கு நல்ல செய்தி.

சர்க்கரைப் பொட்டலத்தின் முதுகில்
எறும்பெழுத்தில் ஒரு புதிர் இருக்கும்.
ஒருவரும் படிப்பதில்லை.
அன்று படித்தார்கள்.

மீனவர் மூவர்: ஊர்மஸ், தாவி, காரல்.
ஆளுக்கொரு படகு: வெள்ளை, சிவப்பு, நீலம்.
படகுக்கொரு மீன்: மத்தி, சால்மன், விலாங்கு.
வெள்ளைப் படகில் வந்தது மத்தி.
சிவப்புப் படகில் விலாங்கு இல்லை.
ஊர்மஸின் படகு வெள்ளை அல்ல.
தாவிக்கு சால்மன் பிடிக்காது.
விலாங்கு யாருக்கு?

"நீலம்!" என்று கத்தினாள் ஹில்யா.
மாட்டு வைத்தியர். கீழே வண்டியில்
அவளுடைய நொண்டி ஆடு காத்திருந்தது.
"விலாங்கு நீலப் படகில்தான், வேறு வழியே இல்லை!"
அந்தச் சொல்லில் இருந்த சூடு
என் அடுப்பில்கூட இல்லை.
வேறு வழியே இல்லை என்பது
இவ்வளவு விடுதலையாக இருக்குமா ஒருவருக்கு?

சரி, நீலம் யாருடையது?

ஊர்மஸ் என்றார் கிணறு தோண்டும் ரைமோ.
தாவி என்றாள் பல்கம்பி போட்ட லேலோ.
காரல் என்றார் லாரிக்கார எண்டெல்,
நான்கு வருடமாக என்னிடம்
"பால் வேண்டாம்" தவிர எதுவும் பேசாதவர்.

பொட்டலங்களே படகுகளாயின.
மேசை முழுக்க நகர்த்தி நகர்த்தி
மூவரும் நிரூபித்தார்கள்.
மூன்றும் சரி.
சண்டை போடக்கூட ஒரு தப்பு கிடைக்கவில்லை.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம் விலாங்கு.
மூன்றாமவனுக்கு எதைக் காட்டியதோ.

ஆனால் லேலோ கேட்டாள்:
"பிடிக்காது என்றால்?
பிடிக்காததைப் பிடிக்கக் கூடாதா?
எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காது,
தினமும் போகிறேனே."
அதற்குப் பிறகு அரைமணி நேரம்
காப்பி ஆறியது, ஒருவரும் திட்டவில்லை.

விடை வேறொரு பொட்டலத்தில் இருக்கும்.
டப்பாவைக் கவிழ்த்து
இருநூறு சொச்சம் புரட்டினோம்.
நாற்பத்தொன்றாம் புதிர்: காரல்.

எண்டெல் சிரிக்கவில்லை.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.
"ஏன் என்று எழுதவில்லையே" என்றார்.

பிறகுதான் ஆரம்பித்தது வேடிக்கை.
விட்டுப்போன குறிப்பை நாமே எழுதுவோம் என்றாள் ஹில்யா.
விடையைச் சொல்லிவிடக் கூடாது, ஒரே வரி.
காரலின் படகு சிவப்பு என எழுதினார் ரைமோ;
உடனே ஊர்மஸின் கையில் விலாங்கு.
காரல் பிடித்தது மத்தி என எழுதினாள் லேலோ;
விலாங்கு தாவியிடம் தாவியது.
எண்டெல் எழுதினார், அடித்தார்,
எழுதினார், அடித்தார்.
காரலுக்கு மட்டும் ஒரு வரி போதவில்லை.
அச்சில் வந்த விடைதான்
எல்லாவற்றிலும் நொண்டி.

பனி பிளக்கும் சத்தம் கேட்டது.
தீவு வந்தது. கதவு திறந்தது.
கீழே வண்டிகள் ஊளையிட்டன,
முதல் வரிசை லாரியில் ஆளில்லை.
எண்டெல் பென்சிலைக் கடித்துக்கொண்டு
என் கல்லாவில் சாய்ந்திருந்தார்.
தோளைத் தட்டி அனுப்பினேன்.
பென்சில் என்னுடையது, போய்விட்டது.

எட்டு நாள் கழித்து
பனியும் இல்லை, தாமதமும் இல்லை.
வரிசையில் நின்றவர்களைத் தாண்டி வந்தார்.
பால் வேண்டாம் என்று சொல்லவில்லை.
குனிந்து, ரகசியம் போல:

"படகு இரவல் என்றால்?"