கமிஷனர் அறிக்கையில் சேராதவை

கோர்ட் எனக்கு இட்ட வேலை
இருப்பதை எண்ணுவது மட்டும்.
பாரமகால் யூனியன் கிளப், கிருஷ்ணகிரி.
நாற்காலி இருபத்தாறு, பிரம்பு அறுந்தவை பதினொன்று.
சுவர்க் கடிகாரம் ஒன்று, ஓடவில்லை.
பில்லியர்ட்ஸ் மேஜை ஒன்று.

பச்சைத் துணியை எலி தின்றுவிட்டது.
அடியில் கல், ஐந்து துண்டு.
சீமையில் கப்பலேறி, மதராஸில் ரயிலேறி,
திருப்பத்தூரில் இறங்கி மாட்டுவண்டி ஏறியதாம்.
திரும்பிய பக்கமெல்லாம் பாறை நிற்கும் ஊருக்கு
ஒரு கல் வந்துசேர நாற்பத்தொரு நாள்.
வண்டிக்காரனுக்குக் கூலி ஏழு ரூபாய்.
மூலை உடைந்ததற்கு நாலணா பிடித்தம்.

மினிட் புத்தகத்தில் முதல் முப்பது வருஷம்
துரைகள், குதிரைகள், சோடா பாட்டில் கணக்கு.
பிறகு ஒரு தீர்மானம்: இந்தியரும் சேரலாம்.
அதன்மேல் மை கொட்டியிருக்கிறது.
கை தவறியதா, தெரியவில்லை.

தேக்குப் பெட்டி ஒன்று. மணிக்கட்டு நுழையும் துளை.
வெள்ளை உருண்டை போட்டால் சம்மதம்.
கறுப்பு ஒன்றே ஒன்று விழுந்தாலும்
ஆள் வெளியே.
யார் போட்டதென்று கேட்கக் கூடாது, விதி ஒன்பது.

முனிவெங்கடப்பா, மாங்காய் மண்டி, காவேரிப்பட்டணம்.
முப்பத்துநாலில் கறுப்பு ஒன்று.
முப்பத்தேழில் கறுப்பு ஒன்று.
நாற்பத்தொன்றில் கறுப்பு ஒன்று.

முன்சீப் மாறிப் போனார், தாசில்தார் மாறினார்,
டாக்டர் செத்தே போனார்.
வருகைப் பதிவேட்டை விரலால் தேய்த்துப் பார்த்தேன்.
மூன்று நாளும் வந்திருந்த பெயர் ஒன்றுதான்:
வக்கீல் சேஷகிரி ராவ்.
மூன்று முறையும் முனிவெங்கடப்பாவை
முன்மொழிந்தவர்.

இது சாட்சியம் ஆகாது.
நானும் வக்கீல், எனக்குத் தெரியும்.

ராவ் காலமானது நாற்பத்தேழு ஐப்பசி.
அடுத்த தையில் எல்லாம் வெள்ளை.
அதற்குப்பின் இருபத்திரண்டு வருஷம்
ஒன்றாந்தேதி தவறாமல் சந்தா வந்திருக்கிறது,
ரசீது ரசீதாக.
ஆள் ஒரு நாளும் வரவில்லை.

பெட்டியைக் கவிழ்த்து எண்ணினேன்.
வெள்ளை பன்னிரண்டு. மஞ்சளித்துவிட்டன.
கறுப்பு பதினொன்று.
துளைக்குள் கைவிட்டும் துழாவினேன்,
முழங்கைவரை ஒட்டடை.

வாட்ச்மேன் திம்மராயன் எட்டிப் பார்த்து,
"அந்தக் கல்லு ஒண்ணு கெடைக்குமா சார்?
துணி தொவைக்க வழவழன்னு இருக்கு."
இந்த ஊரில் கல்லுக்கா பஞ்சம் என்றேன்.
"இது மாதிரி இல்லீங்களே" என்றான்.

வெளிச்சம் போவதற்குள் எழுதி முடித்தேன்:
மரப்பெட்டி ஒன்று, உருண்டைகள் இருபத்துமூன்று.
கல், ஐந்து துண்டு. ஒரு மூலை உடைந்தது.
அதற்கான பிடித்தம்
செய்தாகிவிட்டது.