கடை எண் பதினான்கு

பேர் சொல்ல மாட்டான். மேஜையை இரண்டு தட்டு,
ஓர் அட்டை என்பான்.
ஒருரோவிலிருந்து துபிசா வரை
ராத்திரி முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிற முதுகு.
நானும் பேர் கேட்காமல் கொடுத்தேன்.
முதலில் பத்து மாத்திரை, அப்புறம் இருபது.
சில்லறை இல்லாத நாளில்
மீதிக் காசுக்கும் மாத்திரையே கொடுத்தேன்.

ஜூன் மாதம். வாளித் தண்ணீர்
மேலே தகடாக உறைந்திருந்த காலை.
"தொப்புளுக்கு மேல, இதோ, ஒரு விரல் வைக்கிற இடம்"
என்று கம்பளிக்கு மேலேயே தொட்டுக் காட்டினான்.
"சாப்பிட்டா அடங்குது.
மூணு மணி நேரம் போனா திரும்ப ஏறி உட்காருது,
டிக்கெட் எடுத்த ஆள் மாதிரி."
நடுராத்திரியில் ஒரு கையால் வண்டியைப் பிடித்து
மறு கையால் காய்ந்த ரொட்டியைப் பிய்த்து
அதற்குத் தீனி போடுவானாம்.

நான் செய்தது இதுதான்:
வெள்ளைக் குழம்பு மருந்து ஒரு பாட்டில் விற்றேன்.
வலியைத் தரும் அட்டையும்
வலியை ஆற்றும் பாட்டிலும்
ஒரே பைக்குள். முடிச்சும் நானே போட்டேன்.

அப்பி விற்கிற பசிலியா, எல்லாம் காரத்தால் என்றாள்.
கல்லில் அரைத்த மிளகாயை அன்றே விட்டான்.
கிளீனர் பையன் எல்பர், கவலையால் என்றான்.
வண்டிக் கடனை எப்படி விடுவது?
எவளோ கண் வைத்துவிட்டாள் என்றும் ஒரு பேச்சு.
எரிகிற வயிற்றுக்கு ஆளுக்கொரு கொள்ளி
தேடிக்கொண்டிருந்தார்கள்.
என் கையில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.
அது வெள்ளித்தாள் சுற்றிப் பளபளத்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் குரலைத் தாழ்த்தினான்:
"வெளிக்குக் கறுப்பாப் போகுது. புது ரோட்டுத் தார் மாதிரி."
சொல்லிவிட்டுச் சிரித்தான்.
இரும்புச் சத்து மாத்திரை ஏதும் தின்கிறாயா என்றேன்.
இல்லை என்றான்.
அடுத்த கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது.
வண்டி கிளம்பப் பலகையில் மணி விழுந்தது.
கண்ணாடியில் அவன் முகம்
சுண்ணாம்பு அடித்தது போல் கடந்து போயிற்று.

உவாரிக்கு அருகில்
வண்டியை ஓரம் கட்டியிருக்கிறான்.
இண்டிகேட்டர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து,
உள்விளக்கை ஏற்றி,
அதற்குப் பிறகே வாந்தி எடுத்தானாம்.
காப்பித்தூள் நிறம் என்றான் எல்பர்.
முப்பத்தெட்டுப் பேர், ஒரு கைக்குழந்தை,
யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

மூன்று பை ரத்தம் ஏற்றினார்கள்.
தொண்டை வழியே ஒரு குழாய், அதன் முனையில் விளக்கு.
சிறுகுடல் தொடங்கும் வாசலில்
பட்டாணி அளவுக் குழி.
டாக்டர் இர்மா யுக்ராவைப் பார்க்க நான்தான் போனேன்.
தோண்டியவர் இருவர் என்றாள்.
ஒன்று, திருகாணி உருவத்தில் ஒரு கிருமி.
சின்ன வயதில் எந்தத் தண்ணீரோடு வந்ததோ,
அமிலத்துக்கு நடுவே
நாற்பது வருஷம் வாடகை இல்லாமல் குடியிருந்தது.
மற்றது, வயிற்றின் வழவழப்பான உள்பூச்சை
ஊற விடாமல் தேய்த்தது.
கிருமியின் பேர் நீளம், வாயில் நிற்கவில்லை.
இரண்டாவதன் பேர் எனக்குத் தெரியும்.
விலையும் தெரியும்.

செப்டம்பரில் சீட்டோடு வந்தான்.
பதினாலு நாள், கிருமிக்கு இரண்டு வகை,
அமிலத்தை அடக்க ஒன்று.
அன்றுதான் சீட்டில் பேரைப் படித்தேன்:
செவெரினோ சோக்கே.
எண்ணி எண்ணி வைத்தேன், இரண்டு தரம் எண்ணினேன்.
குறை சொல்வான் என்று காத்திருந்தேன்.
"முதுகு இன்னும் வலிக்குது" என்றான், "அதுக்கு என்ன செய்யட்டும்?"
பதில் இல்லை என்னிடம்.
முக்காலியை நகர்த்தி, உட்கார் என்றேன்.
ஒன்பது வருஷத்தில், வாங்க வந்த ஒருவரை
உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் பின்னால் நின்ற பெண்
மேஜையைத் தட்டினாள். ஓர் அட்டை.
வயிறு எப்படி இருக்கு என்றேன்.
"தலைவலிக்குக் கேட்டேன்,
வயிற்றை எதுக்கு விசாரிக்கிறே?"
பதினைந்தாம் கடைக்குப் போய்விட்டாள்.