இரண்டு அடைப்புக்குறிகள்

பெட்டி வந்தது பிப்ரவரியில்,
கோட்காவின் கடல் கல்லாகிக் கிடந்த வாரம்.
காகித ஆலை, சம்பளப் பிரிவு, என் மேசை.
செங்கல் கனம். முன்பக்கம்
விரல் தடவினால் பொடிப்பொடியாய்த் துளைகள்.

முதலில் என் பெயரைத் தட்டினேன்.
ஓர்வோ கைப்பைனென்.
அது வேறு யாரையோ கூப்பிட்டது.
உள்ளே மூக்கடைத்த அமெரிக்கன் ஒருவன்;
ஃபின்னிஷ் தெரியாது, தெரியாதென்றும் தெரியாது.

தலையில் இரு புள்ளி வைத்த எங்கள் எழுத்துக்கு
இடம் போதாமல், செய்தவர்கள்
சுருள் அடைப்புக்குறியின் நாற்காலியைக் கொடுத்திருந்தார்கள்.
திரையில் அது எழுத்தாகவே தெரியுமாம்.
பெட்டியின் வாயில் மட்டும்
லெஃப்ட் பிரேஸ்.

ஆகவே 'நான்' என்பது
மின் லெஃப்ட் பிரேஸ்.
'நீ' என்பது
சின் லெஃப்ட் பிரேஸ்.
இரவுக்கோ, ஓர் எழுத்தும் அருகே
செங்குத்தாய் நட்ட கோடும்.
தாவெத்தி சிரித்துச் சிரித்து
காப்பியைப் பேரேட்டில் கொட்டினான்.

நான் குமிழைத் திருகினேன்.
வாரம் ஒரு கோடு, பிறகு இரண்டு.
பனி உடைந்தபோது பெட்டியின் பேச்சு
சட்டியில் கொழுப்பு பொரியும் சத்தம், மற்றவர்களுக்கு.
எனக்கு அது முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின்
இரவுப்பணிப் படி, வரிப்பிடித்தம், விடுப்பு.

என் கடிதங்களை நாற்பத்தொரு வருடம்
பிறர் வாயில்தான் கேட்டிருக்கிறேன்.
பக்கத்து வீட்டு லஹ்யா
படித்துக்கொண்டே வந்து ஒரு மூச்சு நிறுத்துவாள்.
அந்த மூச்சில் அவள் கண் தாண்டிய வரி
எனக்கு வராது.
விவாகரத்து ஓலையைப் படித்தவர் தபால்காரர்.
முடித்துவிட்டு
அவர் மன்னிப்புக் கேட்டார்.

மே மாதம், செவ்வாய், காலை பத்து.
யோயென்சூ தொலைபேசி நிலையத்து ஹெல்வியிடமிருந்து
உறைக்குள் ஒரு நெகிழ்வட்டு.
அவளிடமும் இதே பெட்டி, இதே அமெரிக்கன்.
காதுக்கருவிக்குத் துளை வைக்க மறந்திருந்தார்கள்.
அறையில் ஒன்பது பேர்.
போட்டேன்.

உரக்கவே படித்தது.
அவள் சமையலறை, கசியும் குழாய்,
கோடையில் ரயில் எத்தனை மணிக்கு என்ற கேள்வி,
என் குரலைப் பற்றி அவள் எழுதிய
(அதை இங்கே சொல்லப்போவதில்லை).
தாவெத்தி அழிப்பான் கேட்டான்.
ஹில்க்கா, சனியனைக் கொஞ்சம் குறையேன் என்றாள்.
ஒன்பது பேர் நடுவே, கதவு திறந்திருக்க,
பிறந்ததிலிருந்து முதல் தடவையாக
எனக்கு ஒரு ரகசியம்.

கடைசிக்கு முந்தைய சொல் மட்டும் நழுவிவிட்டது.
வேகத்தைக் குறைத்தால் பிடிபடும்.
வேகத்தைக் குறைத்தால் எல்லோருக்கும் பிடிபடும்.

காப்பி மணிக்குக் காத்திருந்தேன்.
எல்லோரும் போனார்கள், தாவெத்தி தவிர.
அவன் ரொட்டியை அங்கேயே தின்றான்,
காகிதத்தை நான்காக மடித்தான்,
பிறகு கொஞ்சம் விசிலடித்தான்.
போனான்.

குமிழை அடிவரை திருகினேன்.
எழுத்தெழுத்தாக:
ஐ. கே. லெஃப்ட் பிரேஸ்.
வி. லெஃப்ட் பிரேஸ்.

இக்காவா.
எங்கள் மொழியில் ஏக்கத்துக்கு அந்தச் சொல்.
சலிப்புக்கும் அதே சொல்தான்.
மனிதர் சொன்னால் குரலில் தெரியும்.
பெட்டி இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நீட்டியது.

திரும்ப ஓட்டினேன். ஆறு தடவை.
ஏழாவதில் ஹில்க்காவின் செருப்பு நடையில் கேட்டது.

நான் சம்பளக் கணக்கன்.
திறந்த இரண்டு குறிகள்
மூடாமல் கிடந்தால் உறக்கம் வராது.
அன்று மாலை வேறு வட்டில்
இரண்டே இரண்டு தட்டல்.
யார் திரையில் பார்த்தாலும்
ஸ்வீடன்காரர் எழுத்து, ஜோடியாக,
ஏதோ விரல் தவறியது என்பார்கள்.
அவள் பெட்டி மட்டும் சொல்லும்:
ரைட் பிரேஸ்.
ரைட் பிரேஸ்.

உறையை நானே ஒட்டினேன்.
முகவரி எழுத மட்டும்
லஹ்யாவிடம் கொடுத்தேன்.