கட்டணப் பலகை

நடுத்திட்டுத் துறையில்
பனங்கட்டையில் அறைந்த தகரம்.
மூன்று பெயிண்ட், ஒன்றன்மேல் ஒன்று.
நாலு மணி வெயில் சாய்ந்து விழும்போது
அடியில் கிடக்கும் அணாக்கள் மேலே வரும்.

ஆள் ஒன்றுக்குக் காலணா.
ஆடு அரையணா, அது உட்காராது என்பதால்.
கைப்பிள்ளைக்கு இல்லை.
சவத்துக்கும் இல்லை;
தூக்கி வருகிற நால்வருக்கு உண்டு.

தாமிரபரணி கடலை முட்டி நிற்கிற இடத்தில்
கழி தரை தொடாது.
அங்கே கயித்தான் கழியைப் படுக்க வைத்துவிட்டு
பீடி பற்ற வைப்பான்.
என்னை அம்மை பெற்றது அந்த இடத்தில்தான்.
இந்தக் கரைக் கணக்கப்பிள்ளை
அந்தக் கரையில் பதியச் சொன்னார்.
அந்தக் கரைக்காரர் கயித்தானைக் கூப்பிட்டு
'பீடி பாதியாவே, முழுசா?' என்று விசாரித்தார்.

ஆத்தூர் உச்சினிமாகாளி ஏலம் எடுத்த வருடம்
பைசா ஏறியது.
சைக்கிள் பத்து பைசா.
டயர் நனைந்தால் குத்தகைதாரர் பொறுப்பல்ல.
ஓட்டுப்பெட்டி பலகையில் இல்லை.
'இதுக்கு எத்தன ஆளு கணக்கு?'
தாசில்தாரிடமே கேட்டான் கயித்தான்.
'அறுநூத்திப் பன்னெண்டு பேரு உள்ள கெடக்கோம்வே'
என்றது அணியத்திலிருந்து ஒரு குரல்.

தொண்ணூற்றிரண்டு வெள்ளம்
தோணியைக் கொண்டுபோனது, கழியையும்.
பலகை நின்றது.
ஒன்பதாம் நாள்
சர்க்கரை மாத்திரைச் சீட்டைக் கொண்டையில் செருகி
லாரி டியூபில் அக்கரை போனாள் பவுலின் டீச்சர்.
டியூபுக்கு என்ன ரேட் என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.

இப்போது மோட்டார் வள்ளம்.
ஆளுக்கு ஐந்து ரூபாய்.
கயித்தான் மகன் சந்தியாகு
பீடி குடிப்பதில்லை.
நான் பிறந்த ஊரை
பதினொரு விநாடியில் கடந்துவிடுகிறான்.

போன மாசியில்
பாலத்துக்கு அளக்க வந்தார்கள், மூன்று பேர்.
கூட ஒரு கருவி, மூன்று கால்.
சந்தியாகு பலகையை மேலிருந்து கீழாக வாசித்தான்.
கருவியை உட்கார வைக்க முடியுமா என்று
அமுக்கிப் பார்த்தான்.
ஆட்டுக் கட்டணம் போட்டான்.

நூறு ரூபாய் நீட்டினார்கள்.
'சில்லறை இல்ல சார்,
திரும்பையில வாங்கிக்கிடுங்க.'

சாயங்காலம் மீன்துறைப் படகு வந்து
வடக்கு வாய்க்கால் வழியே
அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

டீசல் கேனுக்கு மேலே
பிஸ்கட் டப்பாவில்
எழுபத்தைந்து ரூபாய் தனியாக இருக்கிறது.
அதில் கை வைக்க
அவன் பெண்டாட்டியையும் விடமாட்டான்.