பத்துக் கட்டம்

பெருந்துறை பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுத்து
ஒன்றில் தானும் ஒன்றில் கீபோர்டுமாக
வந்து இறங்கினார் சென்னியப்பன்.
"ஏனுங் அம்மிணி, டிஸ்ப்ளே செத்து ஆறு வருசமாச்சுங்.
சத்தத்துக்கு ஒண்ணுமில்லீங்.
எழுத்துத்தான் தெரியறதில்லீங்."

அப்புறம் எப்படி வாசிக்கிறீங்க?

"எண்ணிக்கைதானுங். மேல் பட்டன் ஏழு தரம் அமுக்குனா
புல்லாங்குழல். இருபத்திரண்டுக்கு வயலின் கூட்டம்.
ஒருக்கா எண்ணிக்கை தப்பி
தாலி கட்டறப்ப ஹெலிகாப்டர் வந்துருச்சுங்."

திருப்பூரில் எனக்கு எம்பிராய்டரி மெஷின் பேனல்தான் சோறு.
வரிக்குப் பதினாறு எழுத்தாக இரண்டு வரி,
அதிலும் இதே டிஸ்ப்ளேதான்.
ஊசி ஒடிந்ததைச் சொல்லவும் வயலினைச் சொல்லவும்
எவனோ ஒரே கண்ணாடியைச் செய்து அனுப்பியிருக்கிறான்.

பதினெட்டுத் திருகு. மூடிக்குள்
ஏதோ மண்டபத்து அட்சதை, மூன்று அரிசி, இன்னும் மஞ்சளாக.
மெமரிக்குக் காவலாய் ஒரு பட்டன் பேட்டரி,
மீட்டரில் இரண்டே முக்கால் வோல்ட்.
அதைத் தொடவில்லை. தொட்டால் உள்ளே இருப்பது போய்விடும்.
உள்ளே என்ன இருக்கிறதென்று
அவருக்கே தெரியாது.

பழைய விளக்குத் தகட்டையும்
அதற்காகக் கொசுபோல் கத்திக்கொண்டிருந்த இன்வெர்ட்டரையும்
எடுத்துப் போட்டேன்.
பதினான்கு கம்பியிலும் ஈயம் உறிஞ்சி, பதினான்கிலும் ஈயம் வைத்து.
புதியதில் விளக்குக்கென்று பதினைந்தும் பதினாறும் உண்டு,
அவை ஒன்றுக்கு முன்னால் வருகின்றன,
எண்ணத் தெரியாதவன் எண் போட்டதுபோல.

ஸ்விட்சைப் போட்டதும்
மேல் வரி முழுக்கக் கறுப்புக் கட்டம், கீழ் வரி வெறும் பச்சை.
"வந்துருச்சுங்களா?"
வரவில்லை. ஆறாம் கம்பி ஈயத்தின்மேல்
சும்மா உட்கார்ந்திருந்தது.
மறுபடி சுட்டேன்.

வந்தது.
ஆங்கில எழுத்தில் தமிழ்.
ஒலிக்குப் பெயர் வைக்கிற பத்துக் கட்டத்தில்
பழைய சொந்தக்காரர் ஜோதிலிங்கம் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.
பியானோவுக்கு லாரி வாடகை.
புல்லாங்குழலுக்குப் பந்தல் அறுநூற்றைம்பது.
சென்னியப்பன் சிரித்தார், எனக்கும் சிரிப்பு.
அப்புறம் பழக்கத்தில், பார்க்காமலே,
இருபத்திரண்டு தரம் அமுக்கிவிட்டுக்
கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

எஸ், ஈ, என், என், ஐ.
ஓர் இடம் விட்டு, இரண்டு. பிறகு மூன்று சுழி.
ஒரு கட்டம்கூட மீதமில்லை.

"வாங்கறப்ப ரெண்டாயிரம் குறைஞ்சுதுங்.
மாரியம்மன் நோம்பி முடிஞ்சு தாறேன்னு சொன்னேன்."
எந்த வருசத்து நோம்பி என்று நான் கேட்கவில்லை.
அவர் நடுவிரல் ஒரு கட்டையை லேசாய் அழுத்த
வயலின் கூட்டம் எழுந்து நின்றது,
சிவன்மலை, சென்னிமலை, காங்கயம்,
எல்லா மண்டபத்திலும் எழுந்ததுபோலவே.

"ஜோதி இப்பப் புளியம்பட்டிச் சந்தைல
செல்போன் கவர் விக்கறானுங்.
பாத்தாச் சிரிப்பான். கேக்க மாட்டான்."

பேரை மாத்திக்கலாங்ணா, என்றேன்.
பட்டன்வரை போன விரல் திரும்பி வந்தது.
"வேண்டாமுங். இந்த எழுத்தைக்
கொஞ்சம் மங்கலா வெக்க முடியுங்களா?"

கான்ட்ராஸ்ட் திருகாணியைக் கால் சுற்று திருப்பினேன்.
நேரே நிற்பவருக்குத் தெரியும்.
பக்கத்தில் தபேலாக்காரருக்குத் தெரியாது.

கூலி ஆயிரத்தெண்ணூறு சொன்னேன். ஆயிரம் கொடுத்தார்.
"மீதி பண்ணாரிக் குண்டம் முடிஞ்சு தாறனுங்."

ஆட்டோ பார்க்க அவர் தெருவுக்குப் போனார்.
ஹெலிகாப்டருக்கு அடுத்து, அறுபத்து நான்காம் இடம்,
பெயரில்லாமல் கிடந்தது.
மேல் பட்டன், கீழ் பட்டன்.
பத்துக் கட்டத்தில் எனக்கு எட்டே போதுமாயிருந்தது.
சேவ் பண்ணவா என்று கேட்டது.
வெளியே ஆட்டோ வந்து நின்று
ஹாரன் அடித்தது.