பற்றுகைக்கு உட்படாதது

மாதத்தின் முதல் வேலைநாள்.
வள்ளியூர்க் கிளையில் மூன்றாம் கவுண்டர் என்னுடையது.
ஆடிக்காற்று கதவைத் தள்ளித் தள்ளி
டோக்கன் எடுக்காமல் உள்ளே வருகிறது.

மேசையில் இரண்டு தாள்.
ஒன்று பக்கத்துத் தெருவிலிருந்து
கோர்ட் அமீனா நடந்தே கொண்டுவந்தது:
மாசில்லாமணி, முன்னாள் ஹவில்தார், காவல்கிணறு.
மாதம் ஏழாயிரம், மனைவிக்கு, பிடித்து அனுப்புக.
மற்றது வடக்கேயிருந்து,
மூன்று ரயில் மாறிய கசங்கலோடு:
ராணுவ ஓய்வூதியம்
பற்றுகைக்கு உட்படாது.
ராணி காலத்துச் சட்டம். பிரிவு எண்ணுக்கு அடியில்
யாரோ சிவப்பில் கோடு போட்டிருந்தார்கள்.

மேலாளர் இரண்டாவதைப் படித்துவிட்டு
முதலாவதின் முதுகில்
'நிறைவேற்ற இயலாமல் திருப்பப்படுகிறது' என்று
என்னை எழுதச் சொன்னார்.
என் கையெழுத்து நன்றாக இருக்குமாம்.

சட்டத்தைக் குறை சொல்லவில்லை.
நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்
வட்டிக்காரர்கள் பென்ஷன் நாளில் வாசலில் நிற்பார்கள்,
அடுத்தவன் பாஸ்புக்கைத் தன் பையில் வைத்துக்கொண்டு.
அவர்களிடமிருந்து ஒரு காலின் விலையைக் காக்க
டெல்லி போட்ட வேலி.
வேலிக்கு ஆடும் தெரியாது
ஆளும் தெரியாது.

அவர் வந்தார்.
கக்கத்துக் கட்டையின் அடியில் புது ரப்பர்,
சத்தமில்லை.
முழுத்தொகையும் கேட்டார். எண்ணிக் கொடுத்தேன்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
யாரும் தொடக்கூடாத பணம்.
அந்தப் பக்கம் போனதும் வெறும் பணம்.
நடுவில் உள்ளங்கை அகலத் துவாரம்.
அதன் வழியே அவர் என்னைப் பார்க்கவில்லை.

பெஞ்சில் இருந்தாள் செல்வபுஷ்பம்.
அவர் கடக்கும்போது முழங்காலை ஒதுக்கினாள்,
கட்டை ஊன்ற
இடதுபக்கம் கூடுதலாக இடம் விட்டு.
பழக்கம்.

பிறகு என்னிடம் வந்தாள்.
"கஞ்சிக்குக் கேக்கது கடன் இல்லன்னு
வக்கீலு சொல்லுதாரு. மேல போவணுமாம். போவோம்.
அது கெடக்கட்டும்.
ராத்திரி, இல்லாத காலு வலிக்குன்னு கத்துவாரும்மா.
எந்த இடம்னு கேட்டு
அந்த இடத்துப் பாயத் தடவி விடுவேன்.
பதினோரு வருசம்.
அதுக்கு எந்த ஊர்லேருந்து தாளு வரும்?"

என் இழுப்பறையில் பச்சைச் சீட்டு, மஞ்சள் சீட்டு,
நாமினேஷன் படிவம்.

"இன்னொண்ணு.
செருப்பு சோடியாத்தான தருவான் கடைக்காரன்?
இடதுசெருப்பு ஆறு எங்கிட்ட கெடக்கு, மண்ணே படாம.
அதையும் ஜப்தி பண்ணக்கூடாதோ?"
சிரித்தாள். எனக்குப் பின்னால் மேலாளர்
கணினியை இன்னும் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

அடுத்த எண்ணுக்குப் பொத்தானை அழுத்தினேன்.
கை தவறியிருக்க வேண்டும்,
அவளுடைய எண்ணே மறுபடி எரிந்தது.
வாசல்வரை போனவள்
நின்று
திரும்பிப் பார்த்தாள்.